எறும்பின் பயிர்

பயிர்த்தொழிலை உலகத்துக்குக் கொண்டுவந்தவன் தான்தான் என்று மனிதனுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு வயது 10,000 ஆண்டு. மிஞ்சிப்போனால் 12,000 ஆண்டு. அதற்கு முன்னால் அவன் வேட்டையாடினான், காட்டில் கிடைத்ததைப் பொறுக்கித் தின்றான். ஆனால் தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு குடியானவர் கூட்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலவறைகளில் பயிர் வைத்துச் சாப்பிட்டு வருகிறது. அங்கே ஏர் இல்லை, எரு உண்டு. விதை இல்லை, நாற்று உண்டு. களையெடுப்பு உண்டு, காவல் உண்டு. அந்தக் குடியானவர்கள் எறும்புகள். அவை வைக்கும் பயிர் ஒரு பூசணம்.

எறும்பைப் புகழ்ந்து எழுதியவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். அதன் சுறுசுறுப்பைக் காட்டிக் குழந்தைகளை அதட்டாத தாய் தகப்பன் இல்லை. நான் இங்கே சொல்ல வந்தது எறும்பின் கதை அல்ல, பயிரின் கதை. இந்தப் பூசணத்துக்கு ஒரு பெயர் வைத்து, இன்ன குலத்தில் பிறந்தது என்று ஐயமில்லாமல் எழுதிவைக்க மனிதர்களுக்கு நூறு ஆண்டு பிடித்தது. ஏன் இவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வி எறும்போடு நிற்கவில்லை. நம் வீட்டுக் கொல்லை வரை வருகிறது.

1848-ஆம் ஆண்டில் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற இங்கிலீஷ் இளைஞர், தம் சிநேகிதர் வாலஸோடு பிரேஸில் தேசத்துப் பாரா துறைமுகத்தில் போய் இறங்கினார். வாலஸ் நான்கு ஆண்டில் திரும்பிவிட்டார். பேட்ஸ் 11 ஆண்டு அமேஸான் நதிக் கரைகளில் பூச்சி பிடித்துக்கொண்டு திரிந்தார். அந்த அனுபவத்தை அவர் 1863-இல் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள், அதில் வரும் சௌபா எறும்புகளை மறக்கமாட்டார்கள். ஒருநாள் இரவு வேலைக்காரன் வந்து அவரை எழுப்பி, மரவள்ளி மாவுக் கூடையை எலிகள் சூறையாடுகின்றன என்கிறான். போய்ப் பார்த்தால் எலி இல்லை. ஆயிரக்கணக்கான எறும்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. மிதித்துக் கொன்று பார்த்தார்கள், மாளவில்லை. அவை போகும் வழி நெடுக வெடிமருந்தைத் தூவிக் கொளுத்தினார்கள். பல இரவுகள் இப்படி வெடி வைத்த பிறகே எறும்புகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தின.

ஆனால் சௌபாவின் பெரிய தொழில் மாவு திருடுவது அல்ல, இலை அறுப்பது. ஒரு மரத்தின் மேல் ஏறினால், காசு அளவுக்கு இலையை வட்டமாக வெட்டி, குடைபோலத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு புற்றுக்குத் திரும்பும். காப்பி, ஆரஞ்சு எதுவானாலும் இரண்டொரு இரவில் மொட்டை. இத்தனை இலையும் எதற்கு? புற்று வாசல்களில் உள்ள மண் குவியல்களுக்குக் கூரை வேய்வதற்கு, மழைநீர் உள்ளே இறங்கிக் குஞ்சுகளை நனைக்காமல் இருப்பதற்கு என்று பேட்ஸ் முடிவு செய்தார். அவர் சோம்பேறி அல்ல. பாரா நகரத்துத் தாவரத் தோட்டத்தில் புற்றுக்குள் துருத்தி வைத்துக் கந்தகப் புகையை ஊதியபோது, 70 கெஜத்துக்கு அப்பால் இருந்த ஒரு துவாரத்திலிருந்து புகை வந்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர். ஆனாலும் இலை போகும் வாசலைப் பார்த்தாரே தவிர, இலை போய்ச் சேரும் அறையை அவர் பார்க்கவில்லை.

அந்த அறையைப் பார்த்தவர் ஒரு பண்டிதர் அல்ல, சுரங்க எஞ்சினீயர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். தாமஸ் பெல்ட் என்று பெயர். 1868 முதல் 1872 வரை நிகராகுவா தேசத்தில் சொண்டாலெஸ் என்ற மலைநாட்டில் ஒரு தங்கச் சுரங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். எறும்பு வந்தது. கார்பாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து புற்றுக்குள் ஊற்றினார். அதோடு திருப்தி அடைந்து உள்ளே போய்விடாமல், எறும்புகள் என்ன செய்கின்றன என்று நின்று கவனித்தார். அவை புற்றைக் காலி செய்துகொண்டு வேறிடம் போயின. போகும்போது குஞ்சுகளோடு வேறு ஒன்றையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போயின. பஞ்சுபோல, பழுப்பு நிறமாக, உதிர்ந்துவிடும் போன்ற ஒரு பொருள்.

பெல்ட் மண்ணைத் தோண்டத் தெரிந்தவர். தோண்டினார். மனிதத் தலை அளவுக்கு வட்டமான அறைகள். ஒவ்வொன்றிலும் முக்கால் பங்குக்கு அதே பஞ்சு. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், இலையைப் பொடிப்பொடியாக மென்று குவித்து, அதன் மேல் வெள்ளை இழைகளாகப் பூசணம் படர்ந்திருந்தது. இலை கூரைக்கும் அல்ல, உணவுக்கும் அல்ல, எருவுக்கு. எறும்பின் உணவு அந்த எருவில் விளையும் பூசணம். 1874-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதைத் தைரியமாக எழுதினார். அதே ஆண்டில் பிரேஸிலின் தென்பகுதியில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர், தாமும் நெடுநாளாக இதே எண்ணம் கொண்டிருந்ததாக எழுதிய கடிதம் இங்கிலாந்தில் பிரசுரமாயிற்று. ஒருவரையொருவர் அறியாத இருவர், ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், ஒரே உண்மையைத் தொட்டிருந்தார்கள்.

சரி, அது என்ன பூசணம்? இங்கேதான் பெயர் வைக்கும் கதை ஆரம்பமாகிறது.

ஃபிரிட்ஸ் முல்லரின் உறவினர் ஆல்ஃபிரட் மோலர் பிரேஸிலுக்கு வந்து, ஜெர்மானியருக்கே உரிய பொறுமையோடு எறும்புத் தோட்டங்களை ஆராய்ந்தார். 1893-இல் அவருடைய நூல் வந்தது. பூசண இழைகளின் நுனிகள் சிறு சிறு உருண்டைகளாக வீங்கிக் கொத்துக் கொத்தாக நிற்பதையும், எறும்புகள் அந்த உருண்டைகளையே பறித்துத் தின்பதையும் அவர் கண்டார். பார்ப்பதற்கு நூல்கோல் போல் இருந்ததால் நூல்கோல் என்றே அவற்றைக் குறிப்பிட்டார். தோட்டத்திலிருந்து எறும்புகளை விலக்கிவிட்டால் இந்த உருண்டைகள் மறைந்து, இழைகள் காடுபோல மண்டிவிடுவதையும் பார்த்தார். ஒழுங்கான பாத்தி, குடியானவன் போனதும் புதராகிவிட்டது.

மிகச் சில தடவைகளே அவருக்கு ஓர் அதிருஷ்டம் கிட்டியது. எறும்புப் புற்றின் மேல் உண்மையான காளான் ஒன்று, குடையும் காம்புமாக முளைத்திருந்தது. அதைப் பார்த்தே அவர் பெயர் வைத்தார்: ரோஸைட்டஸ் கோங்கிலோஃபோரா. இரண்டாவது சொல்லுக்கு உருண்டை தாங்கி என்று பொருள் கொள்ளலாம். முதற்சொல், காம்பில் வளையம் உள்ள ஒருவகைக் காளான் குலத்தின் பெயர்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நாம் காளான் என்று சொல்வது, அந்த உயிரின் பழம் மாதிரி. அதன் உடல் மண்ணுக்குள்ளோ மட்கிய மரத்துக்குள்ளோ நூல் நூலாக ஓடிக்கிடக்கும். நூலைப் பார்த்து இன்ன காளான் என்று சொல்வது, வேரைப் பார்த்து மாமரமா புளியமரமா என்று சொல்வதைவிடக் கடினம். குடையின் வடிவம், அடிப்பக்கத்து மடிப்பு, காம்பின் வளையம், விதைத் தூளின் நிறம் இவற்றை வைத்தே சாஸ்திரக்காரர்கள் குலம் பிரித்தார்கள். எறும்பின் தோட்டத்துக் காளானோ குடையே பிடிப்பதில்லை. எறும்புகள் ஓயாமல் கத்தரித்துக்கொண்டே இருக்கின்றன. குடை பிடிக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

தேவை இல்லாமற்போன காரணத்தை 1898-இல் ஃபான் ஈரிங் என்பவர் கண்டுபிடித்தார். கலியாணப் பருவத்தில் ராணி எறும்பு தாய்ப் புற்றைவிட்டுப் பறந்து போகும்போது, வாயின் உட்புறத்து ஒரு சிறு பையில் பூசணத்தின் துணுக்கு ஒன்றை அடக்கிக்கொண்டு போகிறது. புக்ககம் போகும் பெண் தாய்வீட்டு மோரை உறைக்குக் கொண்டுபோவதுபோல. மண்ணில் குழி தோண்டி, வாசலை அடைத்து, அந்தத் துணுக்கை உமிழ்ந்து, அதை வளர்க்கிறது. பாரா நகரத்து ஹூபர் 1905-இல் இதை விவரமாக எழுதினார். ராணி ஒரு சிறு துண்டைக் கிள்ளித் தன் வயிற்று நுனியில் வைத்து, கழிவுத் துளியால் நனைத்து, மறுபடி தோட்டத்தில் நடுகிறது. முதற்குஞ்சுகள் வளரும்வரை அது பயிரில் வாய் வைப்பதில்லை. பசித்தால் தான் இட்ட முட்டையைத் தின்கிறது. விதை நெல்லைத் தொடாமல் பட்டினி கிடக்கும் குடியானவனை இதற்கு ஒப்பிடலாம்; ஆனால் அவனுக்குக்கூட இவ்வளவு கடினமான நோன்பு இல்லை.

தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று உறைமோர்போலப் போய்க்கொண்டே இருக்கும் பயிருக்குக் காற்றில் விதைத்தூள் பறக்கவிட வேண்டிய அவசியம் என்ன? வாழையை நினைத்துப் பாருங்கள். காட்டு வாழைப் பழத்தில் பல் உடையும் அளவுக்குக் கறுப்பு விதைகள் இருக்கும். நாம் கன்று பெயர்த்து நட ஆரம்பித்த பிறகு, விதையில்லாத வாழை நிலைத்துவிட்டது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துகிறோமே, அது விதை இல்லாத வம்சத்தின் வாழ்த்து. அந்த வாழையும் சாஸ்திரக்காரர்களைத் திண்டாட வைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் தோட்டத்து வாழைகளுக்கு இரண்டு பெயர் வைத்தார். நாம் சாப்பிடும் வாழைகள் இரண்டு காட்டு வாழைகளின் வழியிலும் கலப்பிலும் வந்தவை என்று ஸிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் தெளிவாக்கியது 1955-இல். பிறர் கையில் வளரும் உயிர், தன் குலத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுகிறது. அதற்குப் பெயர் வைக்கப் போகிறவன் தேடுவது, அது இழந்துவிட்ட முகத்தை.

அந்த முகம் அபூர்வமாகவே தெரிந்ததால், எறும்பின் பயிர் குலத்துக்குக் குலம் தள்ளப்பட்டது. 1957-இல் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹைம், இது ரோஸைட்டஸ் அல்ல என்று சொல்லி லூக்கோகோப்ரினஸ் குலத்தில் சேர்த்தார். 1972-இல் கிரைஸல் என்ற ஜெர்மானியர், கியூபா தீவின் எறும்புப் புற்றில் கண்ட இழைக்கு ஆட்டாமைஸஸ் என்று ஒரு தனிப் பெயரே சூட்டினார். குடை காணாத பூசணத்துக்குத் தனிப்பெயர் வைக்க அந்தக் காலத்து விதிகள் இடம் கொடுத்தன; ஒரே உயிருக்கு இழைக்கு ஒரு பெயரும் குடைக்கு ஒரு பெயருமாக இருக்கலாம். 2011-இல் மெல்போர்ன் மகாநாட்டில்தான் அந்த இரட்டைப் பெயர் வழக்கம் ஒழிந்தது. இதற்கிடையில் 1986-இல் ஸிங்கர் என்பவர் லூக்கோஅகாரிகஸ் என்ற குலத்துக்கு மாற்றினார். ஆக, மோலர் வைத்த உருண்டை தாங்கி என்ற சொல் மட்டும் நிலைத்தது. குலப்பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

இதே ஹைம்தான், 1942-இல், நம் நாட்டுக் கறையான் காளானுக்கும் குலம் வகுத்தவர். இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். பூசணம் பயிரிடும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் ஊரில் முதல் மழைக்கு இடி இடித்த மறுநாள் புற்றுமேல் முளைக்கிறதே, அது கறையானின் பயிர். ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாகத் தோன்றிய விவசாயம் அது. கறையான் புற்றுக்குள் காளான் இருப்பதை முதலில் எழுத்தில் பதிந்தவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் இருந்தவர். லின்னேயஸின் மாணவரான கோனிக், டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக 1768-இல் அங்கே வந்தார். அவருடைய கறையான் கட்டுரை 1779-இல் வந்தது.

கறையான் காளான் இன்றுவரை ஆண்டுதோறும் குடை பிடிக்கிறது. பிடுங்கினால் வேர்போல் நீண்ட காம்பும் கூட வருகிறது. அதனால்தான் அதை நாம் சமைத்துச் சாப்பிடவும் முடிந்தது, ஹைம் அதைப் பார்த்துக் குலம் சொல்லவும் முடிந்தது. எறும்பின் பயிரோ முகத்தை மூடிக்கொண்டுவிட்டது.

முகம் பார்க்க முடியாவிட்டால் ரத்தத்தைப் பார்க்க வேண்டியதுதான். 1994-இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் இரண்டு குழுக்கள், உயிரணுவுக்குள் இருக்கும் பரம்பரை எழுத்தைப் படித்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிவை வெளியிட்டன. மோலர் வைத்த ரோஸைட்டஸ் குலம் இதற்குச் சொந்தமில்லை. புல்வெளியில் வெள்ளைக் குடை விரிக்கும் லெப்பியோட்டாக் காளான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. முதற்பெயருக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 101 ஆண்டு.

ஆனால் ஒரு சிக்கல் தீர்ந்தவுடன் பெரிய சிக்கல் ஒன்று தெரிந்தது. பயிரிடும் எறும்புகள் ஏறக்குறைய 250 வகை. இலை அறுப்பவை அவற்றில் சிலவே. மற்றவை காய்ந்த சருகையும் புழுவின் எச்சத்தையும் பொறுக்கிக் கைப்பிடி அளவு தோட்டம் போடும் ஏழைக் குடியானவர்கள். இவற்றின் பயிர்களை முல்லர், ரேனர், ஷுல்ட்ஸ் என்ற மூவர் 553 தோட்டங்களிலிருந்து எடுத்துப் படித்தார்கள். 1998-இல் முடிவு வந்தது. (இந்த முல்லர் வேறு, நூறு ஆண்டுக்குப் பின் வந்தவர்.) ஏழை எறும்புகளின் பயிர் காட்டிலே தானாக முளைக்கும் காளானோடு நெருங்கிய உறவு கொண்டது. ஒரே வகை எறும்பு வெவ்வேறு பயிர் வைத்திருந்தது. தூரத்து உறவான எறும்புகள் ஒரே பயிரை வைத்திருந்தன. அப்படியானால் காட்டிலிருந்து பயிரைக் கொண்டுவந்தது ஒரு தடவை அல்ல, பல தடவை. பயிர் கெட்டால் பக்கத்துப் புற்றிலிருந்து நாற்று வாங்குவதோ திருடுவதோ இந்த உலகத்திலும் உண்டு என்று தோன்றுகிறது.

அதன் பிறகு பயிர்களையும் எறும்புகளையும் சேர்த்தே வகை பிரித்தார்கள். 2008-இல் ஷுல்ட்ஸும் பிரேடியும் ஐந்து விதமான விவசாயம் என்று சொன்னார்கள். பழைய முறை ஒன்று. பூசணத்தை இழையாக இல்லாமல் ஈஸ்ட் மணிகளாக வளர்ப்பது ஒன்று. பவளம்போல் கிளைக்கும் வேறு குடும்பத்துக் காளானின் உறவை வளர்ப்பது ஒன்று. முழுக்க எறும்பையே நம்பிவிட்ட பயிரை வைத்திருப்பது ஒன்று. அதிலிருந்து வளர்ந்த இலை அறுக்கும் பெருங்குடிகள் ஒன்று. தோட்டத்தில் களையும் உண்டு. எஸ்கவோப்ஸிஸ் என்ற வேறொரு பூசணம் பயிரை அழிக்கும். எறும்புகளின் மேலுள்ள வெள்ளைப் பூச்சை மெழுகு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது களையைத் தடுக்கும் மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர் என்று 1999-இல் கர்ரி என்பவரும் அவர் சகாக்களும் காட்டினார்கள்.

2024-இல் ஷுல்ட்ஸ் குழுவினர் 475 பூசண வகைகளையும் 276 எறும்பு வகைகளையும் ஒப்பிட்டு இரண்டு வம்சாவளிகளை ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார்கள். இரண்டும் சேர்ந்த காலம் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. வானிலிருந்து விண்கல் விழுந்து, வெயில் மறைந்து, பெரும் பல்லிகள் அழிந்த காலம் அது. பச்சை செத்த உலகத்தில் செத்ததைத் தின்னும் காளானுக்கு யோகம் அடித்தது. பசித்த எறும்பு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். பயிர் காட்டை மறந்து முழுக்க எறும்பின் கைக்கு வந்தது 2 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஈரக் காட்டைவிட்டு வறண்ட நிலங்களுக்கு எறும்பு அதைத் தூக்கிப்போனபோது, திரும்பிப் போக அதற்குக் காடு இல்லாமற்போயிற்று.

இதையெல்லாம் படிக்கும்போது, யார் யாரை வளர்க்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. இலை அறுக்கும் எறும்புகளின் பரம்பரை எழுத்தை 2011-இல் முழுவதும் படித்தார்கள். அர்ஜினைன் என்ற சத்தைத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ளும் சக்தியை எறும்பு இழந்திருந்தது. பயிரே அதைக் கொடுத்துவிடுகிறது. குடை பிடிப்பதைப் பயிர் மறந்ததுபோல, எறும்பும் ஒன்றை மறந்திருக்கிறது. மற்றொரு சோதனை. எறும்புக்குத் தீங்கு செய்யாத, ஆனால் பூசணத்துக்கு ஆகாத மருந்தை இலையில் ஏற்றிக் கொடுத்தார்கள். முதலில் அறுத்துக்கொண்டு போன எறும்புகள், பிறகு அந்த இலையைத் தொடவே மறுத்துவிட்டன. நிலவறைக்குள் இருக்கும் வாயில்லாப் பயிர் எப்படியோ, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. ஆயிரக்கணக்கான வேலைக்காரர்கள் கேட்டு நடக்கிறார்கள்.

நம் நெல்லும் அப்படித்தான். காட்டு நெல் முற்றியதும் தானே உதிர்ந்து தன் வம்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வயல் நெல் உதிராமல், அரிவாள் வரட்டும் என்று காத்து நிற்கிறது. அதை நாம் அடக்கி ஆள்வதாக நினைக்கிறோம். ஆனால் ஆடி பிறந்ததும் வானத்தைப் பார்ப்பவர்களும், நடுராத்திரியில் மடை திருப்ப எழுந்து போகிறவர்களும் நாம்தான். எறும்பின் பயிருக்குக் குலம் தேடிப் புறப்பட்டவர்கள் நூறு ஆண்டு அலைந்து கண்டது, காளானின் முகவரி மட்டும் அல்ல. வளர்ப்பவனும் வளர்வதும் நெடுங்காலம் சேர்ந்து இருந்துவிட்டால், ஒன்றைத் தனியாக எடுத்துப் பெயர் வைக்க முடியாது. அதன் பெயரைத் தெரிந்துகொள்ள, அது யாரோடு வாழ்கிறது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.